மேல்மண்ணு மாற்றி வெக்கணோ?

எனக்கு மலையாளம் நன்றாகத் தெரியும் என்று சொந்தக்காரர்களிடையே ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனே நான்தான்.

மலம்புழா அணை கட்டும்போது அங்கே ஸ்டோரில் கிளார்க்காக நான்கு வருஷம் இருந்தேன். என் மலையாளம் அந்த ஸ்டோர் ரூமுக்குள் பழகிய மலையாளம். கேட்ட சாமானை எடுத்துக் கொடுக்கலாம், கையெழுத்து வாங்கலாம், சாமான் இல்லையென்றால் ‘நாளெ வரூ’ என்று விரட்டலாம். அதற்கு மேல் யாராவது நீட்டிப் பேசினால் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி இருந்தது. எதிரே இருப்பவர் சிரித்தால் நானும் சிரிப்பேன், உச்சுக் கொட்டினால் நானும் கொட்டுவேன். நான்கு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டிய ஓர் ஊரில். மாநிலம் பிரிந்தபோது அந்த ஊர் கேரளாவில் நின்றுவிட்டது என்றாலும் வீட்டிலும் தெருவிலும் தமிழ்தான். சந்தைக்கும் பொள்ளாச்சி, சம்பந்தத்துக்கும் பொள்ளாச்சி. ஆபீசுக் காரியம் என்றால் மட்டும் மேற்கே போகவேண்டும். அங்கிருந்து ஏதாவது காகிதம் வந்தால் மச்சான் அதை மடித்து மாடத்தில் வைத்துவிட்டு எனக்கு ஆள் சொல்லி அனுப்புவார். நான் போய் வாசித்து, புரிந்ததைப் புரிந்தபடியும் புரியாததை என் இஷ்டப்படியும் சொல்லிவிட்டு, கோழி அடித்துப் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு வருவேன்.

மச்சானுக்குப் பாகத்தில் வந்தது ஊருக்கு வடக்கே இருந்த மேட்டாங்காடு. நாலு ஏக்கர், நடுவில் ஒரு மேடு, கீழ்ப்புறம் ஒரு பள்ளம். எங்கள் பக்கத்தில் மானம் பார்த்து விதைக்கிற நிலத்துக்குத்தான் காடு என்று பேர். பங்கு பிரித்தபோது அதை யாரும் சீண்டவில்லை. கரிய மண் ஒரு சாண்கூட இருக்கவில்லை, அதற்கடியில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல். அக்காவும் மச்சானும் பத்து வருஷம் அந்தக் காட்டோடு மல்லுக்கட்டினார்கள். கோடை வந்தால் குளத்து வண்டலை வண்டி வண்டியாக அடித்துக் கொட்டினார்கள். அறுப்பு முடிந்ததும் ஆட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, எரு விழட்டும் என்று பட்டி போட்டார்கள். அக்காவுக்கு எருக்கூடையைத் தலையில் வைத்துச் சுமந்து சுமந்து நடு உச்சியில் முடி தேய்ந்துபோயிருந்தது. பத்தாம் வருஷம் கையை விட்டால் முழங்கை வரை கருமண். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்த கையோடு காட்டுக்குக் கூட்டிப்போய் மண்ணை அள்ளிக் காட்டுவாள். நானே ஏழெட்டுத் தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட ஒழுங்காகப் பார்த்ததில்லை.

இந்த நேரத்தில்தான் வாய்க்கால் வந்தது. அணைத் தண்ணீரைக் கிழக்கே கொண்டுவருகிற கிளை ஒன்று காட்டின் மேல் மூலையைத் தொட்டுக்கொண்டு போவதாக அளந்து கல் நட்டுவிட்டார்கள். தண்ணீர் வந்தால் மேட்டில் ஏறாது, பள்ளத்தில் போய்த் தேங்கும். காட்டைச் சமன் செய்தால் வருஷம் ஒரு போகம் நெல்லே போடலாம். மாட்டைக் கட்டிப் பலகை இழுத்துச் சமன் செய்ய இரண்டு கோடை ஆகும். அதனால் மண் தள்ளுகிற மிஷினை வாடகைக்குப் பிடிக்கலாம் என்று மச்சான் நினைத்தார். அணையில் மிஷினோடு குடித்தனம் நடத்தியவன் நான் ஒருத்தன் இருக்கும்போது வேறு யாரிடம் கேட்பார்? “நீங்க சும்மா இருங்க மச்சான், நான் பாத்துக்கறேன்” என்றேன். அறுக்கத் தெரியாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாள் என்பார்களே, அது நான்தான்.

கஞ்சிக்கோட்டுக்குப் பக்கத்தில், ரோட்டோரமாக, வாய்க்கால் வேலை எடுத்த ஒரு காண்ட்ராக்டரின் கொட்டகை இருந்தது. வேலை இல்லாத நாளில் மிஷின்களை விவசாயிகளுக்கு வாடகைக்கு விடுவார்கள். நானும் மச்சானும் பஸ் ஏறிப் போனோம். மேனேஜர் ஒரு மலையாளி, தமிழ் புரியும், பேசுவது மட்டும் மலையாளம். என்ன வேண்டும் என்று கேட்டார்.

மச்சான் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “எங்க காட்டுக்கு ஒரு மிஷின் வேணுங்க. மேட்ட வெட்டிப் பள்ளத்துல தள்ளோணும்” என்றார்.

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காட்டுக்குள் மிஷின் இறக்க வேண்டுமென்றால் வனத்துறை அனுமதி வேண்டும், அது நடக்கிற காரியமில்லை என்று மலையாளத்தில் நீளமாகச் சொன்னார். மச்சான் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். மேனேஜரிடம் “காடல்ல சாரே, பறம்பு, பறம்பு” என்று, நிலத்துக்கு அவர்கள் சொல்கிற சொல்லைப் போட்டுத் திருத்திச் சொன்னேன். மேனேஜரும் சிரித்தார். கொட்டகையில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். “எங்க மச்சானுக்கு மலையாளம் காடுதான்” என்று இன்னொன்றையும் சேர்த்துப் போட்டேன். மச்சான் துண்டை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். ஒரு சொல் தப்பிப்போனதற்காகப் பெரிய மனுஷனைப் பார்த்து நாலு பேரைச் சிரிக்கவைத்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

கொட்டகையில் மூன்று மிஷின்கள் நின்றன. பெரியது அணையிலேயே வேலை செய்தது, அது நகர்ந்தால் நாம் நிற்கிற தரை அதிரும். சின்னது டயர் வண்டி, முன்னால் ஒரு தகடு கட்டியிருந்தது. நடுவில் நின்றது சங்கிலிச் சக்கரம் போட்ட நடுத்தர புல்டோசர். மஞ்சள் பெயிண்ட் பாதி உரிந்திருந்தது.

மச்சான் அவற்றை மாட்டுச் சந்தையில் மாடு பார்ப்பது போலவே பார்த்தார். சுற்றி வந்தார், குனிந்தார், சங்கிலித் தகட்டைத் தட்டிப் பார்த்தார். “சுழி ஏதாச்சும் இருக்குதா பாருங்க மச்சான்” என்றேன். அவர் அதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை. மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். காட்டுக்குப் போகிற இட்டேரியின் அகலத்தை அந்தக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். இரண்டு பக்கமும் கிளுவை வேலி அடைத்த சந்து அது, ஒரு வண்டி போனால் எதிர் வண்டி ஒதுங்க இடமில்லை. பெரிய மிஷினுக்குக் கயிறு எட்டவில்லை. நடுத்தரத்துக்கு ஒரு முழம் மிச்சமிருந்தது.

நான் என் பங்குக்குப் பேசினேன். பெரியது ஏறினால் மண் இறுகிப்போகும், ஓடைப் பாலம் தாங்காது. சின்னது சுக்கான்கல்லில் பல் பதிக்காது, டயர் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றும். நடுத்தரம்தான் சரி. கனத்தைச் சங்கிலி பரத்திவிடும், கத்தியின் அகலமும் நாலு ஏக்கருக்குப் போதும். இதெல்லாம் உண்மை. இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். மிஷினைத் தேர்ந்தெடுத்ததில் நான் தப்பே செய்யவில்லை. அதுதான் என்னை இன்னும் குத்துகிறது. அத்தனை கனமான விஷயத்தையெல்லாம் சரியாக யோசித்தவன் ஒரு சொல்லில் போய் விழுந்தேன்.

கிளம்பும்போது மச்சான் ஒன்றே ஒன்று கேட்டார். “மாப்ள, இது மேல இருக்கற மண்ணத் தனியா வெச்சுக் குடுக்குமா?”

“எல்லாம் குடுக்கும், வாங்க” என்றேன்.

மிஷின் வருவதாகச் சொன்ன நாள் அக்காவுக்கும் மச்சானுக்கும் தோதாக இல்லை. மச்சானின் பெரியப்பாவுக்கு அன்றைக்குத்தான் பொள்ளாச்சிப் பக்கத்தில் கருமாதி. நாளைத் தள்ளிப்போட்டால் மிஷின் மறுபடி வாய்க்கால் வேலைக்குப் போய்விடும். நான் முந்தின நாளே போய்த் தங்கிக்கொண்டேன். விடியும்போது வண்டி பூட்டி, அக்கா ஏறி உட்கார்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“டிரைவர் வந்ததீம் மொதல்ல சொல்லிப்போடு. மேமண்ண அத்தனையும் ஒருபக்கமா ஒதுக்கி வெக்கோணும். பொறவுதான் கல்ல வெட்டோணும். சமன் பண்ணுனதுக்கு அப்பறம் மேமண்ண மேலயே பரத்திரோணும். மறந்தராதடா.”

“தெரியுமுக்கா, போயிட்டு வா.”

“பத்து வருசத்து மண்ணுடா.”

“அட, போக்கா.”

டிரைவர் எட்டு மணிக்கு வந்தார். தெற்கே எங்கேயோ கோட்டயம் பக்கத்துக்காரர் என்று நினைக்கிறேன். ஒல்லி, நாற்பது வயது இருக்கும், தலையில் துவர்த்து என்கிற மெல்லிய துண்டு ஒன்றைக் கட்டியிருந்தார். அவர் பேசிய மலையாளம் அணையில் நான் கேட்டது போல இல்லை, வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடின. இட்டேரியில் வேலி ஒடியாமல் மிஷினைக் கொண்டுவந்து காட்டில் நிறுத்தினார். உடனே வேலையை ஆரம்பிக்கவில்லை. இறங்கிக் காட்டை ஒரு சுற்று நடந்தார். மேட்டின்மேல் உட்கார்ந்து கையால் தோண்டினார். ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்த்தார். அக்கா இருந்திருந்தால் அந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்கு இலை போட்டிருப்பாள்.

அதற்குள் ஊரில் பாதி வேலியோரம் வந்து நின்றுவிட்டது. எனக்குச் சட்டைக் காலர் தானாகத் தூக்கிக்கொண்டது.

டிரைவர் என்னிடம் வந்தார். “மேல்மண்ணு மாற்றி வெக்கணோ?” என்று கேட்டார்.

அதை விளக்கிச் சொல்ல வேண்டும். மலையாளத்தில் ‘மாற்றி வெக்குக’ என்றால் தனியாக ஒதுக்கி வைப்பது. சோற்றில் கொஞ்சம் மாற்றி வைத்தேன் என்றால் ஒருத்தருக்காக எடுத்து வைத்தேன் என்று அர்த்தம். எங்கள் தமிழில் மாற்றி வைப்பது என்றால் இடம் மாற்றி வைப்பது. செருப்பை மாற்றி வைத்துவிட்டான், மூடியை மாற்றி வைத்துவிட்டான் என்போம். அக்கா சொல்லச் சொன்னதையே அந்த மனுஷன் தானாகக் கேட்டார். என் காதில் விழுந்ததோ, மேல்மண்ணைக் கீழேயும் கீழ்மண்ணை மேலேயும் மாற்றிப் போடட்டுமா என்று.

எனக்குச் சிரிப்பு வந்தது. என்ன மடத்தனமான கேள்வி என்று நினைத்தேன். ஊர் கேட்கட்டும் என்று உரக்க, “வேண்டா! ஒட்டும் மாற்றி வெக்கண்டா!” என்றேன், கொஞ்சம்கூட மாற்ற வேண்டாம் என்று.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கையிலிருந்த மண்ணைக் காட்டி, “நல்ல மண்ணாணல்லோ. மாற்றி வெச்சில்லெங்கில் பின்னெ கிட்டில்லா, கேட்டோ” என்றார். ‘கிட்டில்லா’ என்றால் கிடைக்காது என்று ஸ்டோர்க்காரனுக்குத் தெரியாதா? பிறகு மிஷின் கிடைக்காது என்று பயம் காட்டி வேலையை இழுக்கப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். “ஞான் பறஞ்ஞில்லே? வேண்டா” என்றேன். இரண்டாம் தடவை சொல்லும்போது குரலில் கோபமே வந்துவிட்டது. அவர் கையைத் தட்டி மண்ணை உதறிவிட்டு மிஷினில் ஏறினார்.

மேல்மண் மேலேயே இருக்கவேண்டும் என்று அக்கா சொன்னதைச் சரியாகச் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதியோடு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கு மிஷினின் குதிரைச் சக்தி என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். “அத்தன குதிர உள்ள இருக்குதா?” என்று ஒருத்தர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம்.

இதுவரை நடந்ததைத் தெரியாமல் செய்த பிழை என்று சொல்லிக்கொள்ளலாம். நானும் ரொம்ப காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் பத்து மணி வாக்கில் எனக்குத் தெரிந்துவிட்டது.

மிஷின் மேட்டின் கருமண்ணைச் சுருட்டிக்கொண்டுபோய்ப் பள்ளத்தில் தள்ளியது. திரும்பி வந்து மறுபடி தள்ளியது. ஒருபக்கமும் எதையும் ஒதுக்கவில்லை. கால்வாசி மேடு தோல் உரிந்து வெள்ளைக் கல் தெரிய ஆரம்பித்தது. ‘மாற்றி’ என்ற சொல் காதுக்குள் திரும்ப வந்தது. ஸ்டோரில் ஒருத்தர், “இது எனிக்கு மாற்றி வெச்சேக்கணே” என்று ஒரு சாமானைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போவாரே, அந்தச் சொல்தானே இது? எழுந்து நின்றேன். கையைத் தூக்கினால் போதும், மிஷின் நின்றுவிடும். முக்கால் மேட்டின் மண்ணைக் காப்பாற்றிவிடலாம்.

நான் கையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் அத்தனை பேர் முன்னால் டிரைவரிடம் போய், நீ சொன்னது எனக்குப் புரியவில்லை என்று சொல்லவேண்டும். ஊர் மொத்தமும் கேட்கும். ‘மலையாளம் காடுதான்’ என்று மச்சானைப் பார்த்துச் சிரித்தவன் நான். எழுந்தவன் இடுப்பு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். என் அக்காவின் பத்து வருஷம் என் கண் முன்னால் பள்ளத்துக்குள் போனது, அதன்மேல் ஆள் உயரத்துக்குக் கல் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டே குதிரைச் சக்தியைப் பற்றிப் பேசினேன்.

மத்தியானம் அக்கா செய்து வைத்துவிட்டுப் போன சோற்றை டிரைவருக்குப் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே அவர் என்னென்னவோ சொன்னார். மூத்த மகள் என்றார், கல்யாணம் என்றார், சிங்ஙம் மாசம் என்றார், அது நம் ஆவணி. மற்றது புரியவில்லை. நான் தலையாட்டினேன்.

சாயங்காலம் மிஷின் போய்விட்டது. காடு பலகை போலச் சமமாகக் கிடந்தது. இருட்டுவதற்கு முன்னால் வண்டி வந்தது. அக்கா வீட்டுக்குக்கூடப் போகாமல் காட்டு முனையிலேயே இறங்கினாள். வெள்ளை வெளேரென்று கிடந்ததைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நடந்துபோய் நடுவில் உட்கார்ந்தாள். கையை மண்ணில் குத்தினாள், விரல் போகவில்லை.

“சொன்னயாடா?” என்று கேட்டாள்.

“சொன்னனுக்கா” என்றேன். “அவன் கேக்கல.”

என் வாயிலிருந்து அது தயாராக வந்ததை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே அருவருப்பு. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அக்கா அழவில்லை. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துபோய் அடுப்புப் பற்றவைத்தாள். எனக்குத்தான் முதலில் சோறு போட்டாள்.

மறுநாள் மச்சான் கொட்டகைக்குப் போய்க் கேட்கவேண்டும் என்றார். மொழிக்கு நான் வேண்டுமே, என்னையும் கூட்டிப்போனார். டிரைவர் மிஷின் சங்கிலியில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் மண்தான்.

“ஏன் இப்பிடிப் பண்ணுனீங்கன்னு கேளு, மாப்ள.”

நான் ஏதோ கேட்டேன். டிரைவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “ஞான் ரெண்டு தவண சோதிச்சில்லே? நிங்ஙள் வேண்டா எந்நு பறஞ்ஞில்லே?” என்றார், இரண்டு தடவை கேட்டேனே, நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்று. கோபமாக இல்லை. நிஜமாகவே எனக்கு மறந்துபோயிருக்குமோ என்று சந்தேகப்பட்ட மாதிரி இருந்தது.

“என்னங்கறார்?” என்றார் மச்சான்.

“மறந்துட்டாருங்களாமா” என்றேன்.

மச்சான் டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். “செரி, வா போலாம்” என்றார்.

அதோடு வந்திருக்கலாம். ஆனால் மச்சான் சண்டை போடாமல் கிளம்பியது எனக்குப் பயமாக இருந்தது. பொய்க்கு இன்னும் ஒரு முட்டுக் கொடுக்கவேண்டும் போலத் தோன்றியது. “நீங்க பஸ்ஸுக்கு நடங்க, மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அணையில் வேலை பார்த்தவன், வெள்ளைச் சட்டைக்காரன் என்று மேனேஜருக்கு என்மேல் மரியாதை. டிரைவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன், அவர் கேட்கவில்லை, ஒரு குடும்பமே கெட்டது என்றேன். மேனேஜர் டிரைவரைக் கூப்பிட்டார். அவர் துவர்த்தை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வெளியே நின்றார். மறுபடியும் அதையே சொன்னார், ரெண்டு தவண கேட்டேன் என்று. நான் இல்லை என்று தலையாட்டினேன். புரியாமலே தலையாட்டிப் பழகிய நான், புரிந்து ஆட்டியது அந்த ஒரு தடவைதான். இனி இவரை மிஷினில் ஏற்றுவதில்லை என்று மேனேஜர் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த வருஷம் வாய்க்கால் தண்ணீர் வந்தது. நெல் நாற்று மூன்றே வாரத்தில் மஞ்சளாகி நின்றுவிட்டது. அடுத்த வருஷம் சோளம் போட்டார்கள், முழங்கால் உயரத்துக்கு மேல் போகவில்லை. மச்சான் வண்டியோடு வெளியூருக்கு வாடகைக்கு மண் அடிக்கப் போனார். அக்கா மற்றவர்கள் காட்டில் களையெடுத்தாள். யாராவது காட்டைப் பற்றிக் கேட்டால், “என்ற தம்பி சொல்லிச் சொல்லிப் பாத்தானுங்க, அந்த டிரைவர்தான் கேக்கலீங்க” என்பாள். பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். அவள் அப்படிச் சொல்கிற ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாமா என்று தோன்றும். அடுத்த தடவை வரும்போது சொல்லலாம் என்று பஸ் ஏறிவிடுவேன்.

மூன்றாம் வருஷக் கோடையில் குளம் வற்றியது. பழையபடி வண்டல் அடிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு லீவு இருந்தது, உதவிக்குப் போனேன். கைமாறாக அதையாவது செய்வோம் என்று ஓர் எண்ணம். குளத்தில் நான் மண்வெட்டியால் வெட்ட, மச்சான் கூடையில் அள்ளி வண்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். குளத்து மேலடுக்கில் நல்ல கரம்பை மண், அடியில் மணல். நான் இரண்டையும் சேர்த்து வெட்டிக்கொண்டிருந்தேன்.

மச்சான் கூடையோடு நின்றார். “மேமண்ண மொதல்ல மாத்தி வெய்யி, மாப்ள” என்றார்.

எனக்கு ஒன்றும் தோன்றாமல், “சரிங்க மச்சான்” என்று சொல்லி மேல் அடுக்கை மட்டும் வெட்டி ஓரமாகக் குவித்தேன். நாலு வெட்டு வெட்டிய பிறகுதான் கை நின்றது. எங்கள் பேச்சில் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஒதுக்கி வெய்யி என்பார்கள், தனியா வெய்யி என்பார்கள். அது டிரைவரின் சொல். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கூடையை நிரப்பிக்கொண்டிருந்தார்.

“எப்பங்க மச்சான் தெரியும்?”

“அந்தக் கொட்டாயிலயே தெரியும். வேண்டான்னா வேண்டாங்கறதுதான, அதுக்கு என்ன பெரிய மலையாளம். ‘மாத்தி வெக்கறது’ என்னன்னு அப்பறமா சந்தையில ஒரு மலையாளத்து யாவாரிகிட்டக் கேட்டேன்.”

“ஏனுங்க சொல்லல?”

“நான் எதுக்குச் சொல்றது? உங்கக்காகிட்ட நீ சொல்லுவயாட்ட இருக்குதுன்னு மூணு வருசமாப் பாத்துட்டிருக்கறேன்.”

அவர் அதைத் திட்டுவது போலச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் நான் பஸ் ஏறியபோது இந்த மனுஷன் வண்டி நிற்கிற இடம் வரை வந்து வழியனுப்பிவிட்டுப் போயிருக்கிறார்.

அன்றைக்கே சொன்னேன். அக்கா காட்டில் வண்டலைப் பரத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றுகொண்டு, காலையில் அவள் சொல்லி அனுப்பியது முதல் மேனேஜர் அறையில் நான் தலையாட்டியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். மத்தியில் அழுகை வந்தது, நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். அடிப்பாள் என்று நினைத்தேன். இனிமேல் வாசற்படி மிதிக்காதே என்பாள் என்று நினைத்தேன். அவள் மண்ணைக் காலால் தட்டிச் சமன் செய்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மண்ணு வந்துரும்டா” என்றாள் கடைசியில். “பத்து வருசத்துல ஒருவாட்டி வந்துது, இன்னொருவாட்டி வராதா. அந்த ஆளு என்ன ஆனாருன்னு கேட்டயா?”

நான் குனிந்து ஒரு வண்டல் கட்டியை உடைத்தேன்.

“புள்ளைக்குக் கல்யாணம்னு சொன்னாருன்னு சொன்னயே. நடந்துதா?”

“தெரியாதுக்கா.”

“மூணு வருசமா நான் போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம் அவரப் பழி சொல்லிட்டிருக்கறேன்” என்றாள். முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. “என்ற வாயில எதுக்குடா அந்தப் பாவத்த வெச்ச?”

அந்த வாரமே கஞ்சிக்கோட்டுக்குப் போனேன். வாய்க்கால் வேலை முடிந்து காண்ட்ராக்டர் கிளம்பிவிட்டிருந்தார். கொட்டகை இருந்த இடத்தில் ஆயில் கறை மட்டும் இருந்தது. எதிரே டீக்கடை பழையதுதான். கடைக்காரரிடம் போய், இங்கே மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாரே, தெற்கத்திக்காரர், ஒல்லியாக, தலையில் துவர்த்து கட்டியிருப்பார், அவர் இப்போது எங்கே என்று கேட்டேன்.

“டிரைவர்மார் ஒருபாடு பேர் உண்டாயிருந்நு” என்றார் கடைக்காரர். “பேரெந்தா?”

அந்த மலையாளம் எனக்கு முழுசாகப் புரிந்தது. டிரைவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், பேர் என்ன என்று கேட்கிறார். ஒரு பகல் முழுக்க அவரோடு இருந்தேன், பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டேன், இரண்டு இடத்தில் அவர்மேல் பழி சொன்னேன். டிரைவர், டிரைவர் என்றுதான் சொன்னேன். ஒரு தடவைகூட அவர் பெயரைக் கேட்டிருக்கவில்லை.